வாசல் பலகையில் கடைசிப் பெயர்

எங்கள் வீட்டு வாசல் பலகையில் பட்டம் பெற்றவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். ஒருவர் இறந்துவிட்டால், அடுத்துப் பட்டம் வாங்குபவரின் பெயரை அந்த இடத்தில் எழுதுவோம். என் அப்பா வைத்த வழக்கம், நான் மீறியதில்லை. கடைசி வரியில் இருப்பது பொறியாளராக இருந்த என் மகளின் பெயர். அவள் இறந்தபோது பேத்தி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை.

நேற்று பேத்தி பட்டத்தோடு வந்தாள். ஒரே துறையில் வாங்கியதல்ல. வரலாறு, உயிரியல், இசை என்று அவளே பொறுக்கியெடுத்துக் கலந்து படித்த பட்டம். பெயிண்டரை வரவழைத்தேன்.

“பாப்பா பேருக்குப் பின்னால என்னங்கய்யா போடணும்? டாக்டரா, வக்கீலா?”

“எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்ணே” என்று பேத்தி சிரித்தாள்.

“அப்போ பலகை பத்தாதும்மா, சுவர் முழுக்க எழுதணும்!”

பழைய பெயிண்டைச் சுரண்டும் தகடு மகளின் முதல் எழுத்தைத் தொட்டது.

“நிறுத்துப்பா!” என்றேன். குரல் உடைந்துவிடக் கூடாதென்று நிமிர்ந்து நின்றுகொண்டேன். “கண்டதையும் கலந்து படிச்சதுக்கெல்லாம் இந்தப் பலகையில இடமில்ல.”

பேத்தியின் முகம் சுருங்கிப்போனது. பலகையைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவின் பெயரை மறைத்துக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.

“தாத்தா சொல்றது சரிதாண்ணே. என் படிப்பு இதுக்குப் பத்தாது. அம்மா பேருக்கே புதுசா பெயிண்ட் அடிச்சிருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசி எழுத்து காயும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.