அவன் அழலை

கடைசிப் பட்டனை மாட்டப் போனபோது அதற்குத் துளை இல்லை. சட்டையின் ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும் நின்றது. அவன் குனிந்து பார்த்தான். எல்லாவற்றையும் அவிழ்த்துத் திரும்ப மாட்டத் தோன்றவில்லை. யாராவது சொல்வார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே கூடத்துக்கு வந்தான்.

யாரும் சொல்லவில்லை. பெண்டாட்டி செத்தவனிடம் போய்ச் சட்டைப் பட்டனைப் பற்றி யார் பேசுவார்கள்?

சோபாவையும் தொலைக்காட்சியையும் ஓரங்கட்டி, கூடத்தின் நடுவில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி. முகம் கொஞ்சம் இளைத்திருந்தது, மற்றபடி அவளேதான். இடது கன்னத்து மச்சம் மட்டும் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். பிறகு ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு டாக்டர்கள் அவனிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அத்தை தன் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரி உள்ளே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“என் கையைப் புடிக்கிற மாதிரியே மாப்பிள்ளைத் தம்பி கையைப் புடிச்சிக்கிட்டு, 'அம்மா'ன்னாளாம். கண்ணோரத்துல ஒரு சொட்டுத் தண்ணி. அவ்வளவுதான். மூடிட்டா.”

அப்படி நடக்கவில்லை.

அந்த நேரத்தில் அத்தை வார்டிலேயே இல்லை. டீ வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் நர்ஸ் திரையை இழுத்துவிட்டிருந்தாள். வராந்தாவில் அத்தை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “என்னைத் தேடுனாளா தம்பி? ஏதாச்சும் சொன்னாளா?” அவன் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான். “அம்மான்னு சொன்னாளா?” அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அதையே அத்தை பதிலாக எடுத்துக்கொண்டாள்.

காலையில் அத்தை தன் தங்கையிடம் போனில் சொன்னபோது ஒரு 'அம்மா' மட்டும்தான் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லும்போது கையைப் பிடித்தது சேர்ந்தது. இப்போது கண்ணோரத்துச் சொட்டு. அவன் தொழில் எடிட்டிங். எந்த இடத்தில் எந்த ஷாட் புதிதாக வந்து உட்காருகிறது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் இருந்திருந்தால் ஒரே வார்த்தை சொல்லியிருப்பாள். தப்பு.

அவளுடைய வேலையே அதுதான். அவர்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரே தொடரில். பல வருஷம் நாட்டைத் தன் பூட்ஸுக்கடியில் வைத்திருந்த ஜெனரலின் கதை. அவன் படத்தை வெட்டி ஒட்டுவான். அவள் வரலாறு படித்தவள், காட்சிகளில் வருவதெல்லாம் நடந்ததுதானா என்று பார்ப்பாள். மேஜை மேல் போன் பச்சையாக இருந்தால் தப்பு, அந்தக் காலத்தில் கறுப்புதான். ஜெனரல் சிகரெட்டைப் பற்றவைத்தால் தப்பு, அவன் கிராம்புதான் மெல்லுவான். அந்தத் தெருவுக்கு அப்போது விளக்கே கிடையாது, தப்பு. லைட் போடுகிறவர்கள் அவளுக்குத் 'தப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “தப்பு வந்தாச்சா? அப்ப இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான்.” அவளும் சளைத்தவளில்லை. போனை எடுத்தால் “தப்பு பேசறேன், சொல்லுங்க” என்பாள்.

பெரிய சண்டை வந்தது ஒரு அழுகைக்காக. ஜெனரலின் மகள் செத்துப்போகிறாள். மகளின் உடலுக்குப் பக்கத்தில் நின்று ஜெனரல் தேம்பித் தேம்பி அழுவதாக டைரக்டர் எழுதியிருந்தார்.

“அவன் அழலை சார்,” என்றாள். “அன்னைக்கு அவன் புது யூனிஃபார்முக்குத் துணி பார்த்துக்கிட்டிருந்தான். சாவு வீட்டுக்கே போகலை.”

“ஒரு தகப்பன் அழமாட்டானாம்மா?”

“அழுதவன் மேல யாருக்கும் கோவம் நிக்காது சார். எனக்கு அதான் பயமா இருக்கு. நாளைக்குப் பசங்க இதைத்தான் நடந்ததுன்னு நம்பும்.”

டைரக்டர் எடுத்தார். நடிகர் அழுதபோது டிராலி தள்ளுகிறவன்கூட மூக்கை உறிஞ்சினான். கட் சொன்ன பிறகும் யாரும் அசையவில்லை. அவள் மட்டும் நடிகரின் அருகில் போய் மெதுவாகச் சொன்னாள். “ரொம்ப நல்லா இருந்தது. ஆனா அவன் அழலை சார். நீங்க அழறீங்க.”

அந்தக் காட்சியை வெட்டி ஒட்டியது அவன்தான். அன்று வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நீயாவது அதைத் தூக்கியிருக்கலாம்.”

“நான் எடிட்டர்டி. நீதிபதி இல்ல.”

மறுநாள் காலையில் அவன் காபி போட்டுக் கொண்டுபோய் நீட்டினான். ஒரு வாய் குடித்துவிட்டு, “ம். இது சரி,” என்றாள். அவர்கள் வீட்டில் சமாதானம் அவ்வளவுதான்.

அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது அவள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள். வார்டுச் சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கச் சொல்லலாம் என்று அவன் எழுந்தான். அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனரல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவள் உதடு அசைந்தது. அவன் காதைக் கொண்டுபோனான்.

“மெடல்.”

“என்ன?”

“வலது பக்கம் இருக்கு.”

அவன் திரும்பிப் பார்த்தான். இருந்தது. இடது நெஞ்சில் இருக்க வேண்டிய மெடல்களெல்லாம் வலது நெஞ்சில் தொங்கின. அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு கடைசி நேரத்தில் அவன் செய்த வேலை. அந்த ஒரு ஷாட்டில் நடிகரின் பார்வை மகள் கிடந்த பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போனது. கண்ணாடியில் தெரிவதுபோல் ஷாட்டை இடவலமாகத் திருப்பிப்போட்டுச் சரிக்கட்டினான். பார்வை சரியாகிவிட்டது. மெடலை அவன் கவனிக்கவில்லை. டைரக்டரும் கவனிக்கவில்லை. ஊரே பார்த்து அழுதது, ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

“திருப்பிட்டியா?”

“ஆமா.”

“தப்பு,” என்றாள்.

சொல்லும்போது சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா, அவனால் பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கடைசி.

வாசலில் சலசலப்புக் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. நடிகர் வந்திருந்தார். ஒப்பனை இல்லாமல், சாயம் போன சட்டையில், திரையில் தெரிவதைவிட ஒரு சாண் குட்டையாக. வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் அவரைப் பார்த்ததும் ஜெனரலையே பார்த்ததுபோல் தன்னையறியாமல் எழுந்து ஒதுங்கி நின்றார். பிறகு ஏன் எழுந்தோம் என்று எரிச்சலாகி, “இவனுக்கு இங்க என்ன வேலை?” என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நடிகர் அவள் காலடியில் நின்றார். உதடு கோணியது. “தப்பு, என்ன தப்பு இது,” என்றார். அப்புறம் உடைந்துவிட்டார். தோள் குலுங்கியது. சுற்றியிருந்தவர்கள் அவளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“டிவில அழுத மாதிரியே அழறாரு பாரேன்,” என்றாள் தையல்காரி.

“யாரோ ஒரு மனுஷன் இப்படிக் கரையறான். கட்டினவன் கல்லு மாதிரி நிக்கிறான்,” என்று பக்கத்திலிருந்த அவளுடைய சித்தி சொன்னாள். அவனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

அவன் கண் வறண்டிருந்தது. காலையிலிருந்து அழுகை எங்கோ வந்து நிற்பது தெரிந்தது. அது எங்கே என்றுதான் தெரியவில்லை.

நடிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “கஷ்டப்பட்டாங்களாம்மா?”

“இல்லைங்க. தூங்குற மாதிரிதான். அம்மான்னு கூப்பிட்டா...” அத்தையின் குரல் அங்கே நின்றது. சட்டென்று அவள் மருமகனை நிமிர்ந்து பார்த்தாள். பல தடவை சொன்ன கதைதான், ஆனாலும் இந்தத் தடவை அவளுக்கே அதில் கால் ஊன்றவில்லை போலிருந்தது. “தம்பிதான் பக்கத்துல இருந்தாரு. நான் பாவி, டீ வாங்கப் போயிட்டேன். சொல்லுங்க தம்பி. என்னைக் கூப்பிட்டாதானே?”

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

அவன் அவளைப் பார்த்தான். இவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மேஜை மேல் இருந்த போனின் நிறத்துக்காக ஒரு நாள் படப்பிடிப்பையே நிறுத்தியவள். அவளைப் பற்றி ஒரு பொய்யை, அதுவும் அவளை வைத்துக்கொண்டே.

அத்தை ஃபிளாஸ்க்கை மடியில் வைத்திருப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் அதைக் கீழேயே வைக்கவில்லை. உள்ளே அந்த டீ இன்னும் இருக்கும்.

அத்தையிடம் இன்னொரு கதையும் இருந்தது. மாமாவை, அவளுடைய அப்பாவை, ஜெனரலின் ஆட்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன கதை. ஏறும் முன்பு மாமா திரும்பிப் பார்த்து, கைக்குழந்தையாயிருந்த மகளுக்கு டாட்டா காட்டினாராம். அதை அத்தை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். வளர்ந்த பிறகு மகள் அந்தத் தெருக்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டாள். மாமாவின் கை இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்களாம். அதை அவள் வீட்டில் சொல்லவேயில்லை. ஊரில் உள்ளவனையெல்லாம் திருத்துகிறாய், இதை மட்டும் ஏன் விட்டாய் என்று அவன் ஒருமுறை கேட்டான்.

“அது அம்மாவோட சீன்,” என்றாள். “அதுல நான் வேலை பார்க்கலை.”

அவன் அத்தையின் பக்கம் திரும்பினான்.

“ஆமா அத்தை. உங்களைத்தான் கூப்பிட்டா.”

அத்தையின் முகம் கோணத் தொடங்கியது.

“ரெண்டு தடவை கூப்பிட்டா,” என்றான்.

அத்தை ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தி அவளைத் தாங்கிக்கொண்டாள். நடிகர் அவனைப் பார்த்தார். நடிக்கத் தெரிந்தவர், ஒரு கணம் அதிகமாகப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் சித்தியின் மகன் பெரிய படம் ஒன்றைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, மேலே பழுப்புத்தாள் சுற்றியிருந்தது.

“கிடைச்சிருச்சு மாமா. அக்கா போன்லயே இருந்தது, அவளே எடுத்துக்கிட்டது. மத்ததுல எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. இதுலதான் சிரிக்கிறா.” தாளைக் கிழித்தான். “மச்சம்கூட எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க.”

அவன் பார்த்தான். தெளிவாகத்தான் இருந்தது. வலது கன்னத்தில்.

முன்பக்கக் கேமராவில் எடுத்த படம். இடவலமாகத் திரும்பியிருந்தது. வகிடும் மாறியிருந்தது. சிரிப்பில் மேலேறும் உதட்டோரம் அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் தம்பி அடையாளம் கண்டு எடுத்துவந்திருக்கிறான், அச்சுப் போட்டவன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அத்தை கண்ணீரினூடே பார்த்து, “என் தங்கம், அப்படியே இருக்கா,” என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“நல்லா இருக்குல்ல மாமா?”

“நல்லா இருக்குடா.”

“தலைமாட்டுல வைக்கட்டுமா?”

“குடு. துடைச்சுட்டுத் தரேன்.”

படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். கட்டில்மேல் அவளுடைய துண்டு கிடந்தது. அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதன் மூலையில் அவள் ஒட்டிவைத்த பொட்டு ஒன்று இன்னும் இருந்தது.

அவன் கண்ணாடிக்கு எதிரில் நின்று படத்தை நெஞ்சோடு சேர்த்து அதன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தான்.

கண்ணாடிக்குள் மச்சம் இடது கன்னத்துக்கு வந்தது. வகிடு வந்தது. உதட்டோரம் தன் இடத்துக்கு ஏறியது. அவளேதான்.

கூடத்தில் புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும். அத்தையின் குரல் கேட்டது. “ரெண்டு தடவை கூப்பிட்டாளாம்...”

படத்துக்கு மேலே அவன் சட்டைக் காலர் தெரிந்தது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அவள் சிரித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை நகர்த்தாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அப்படியே நின்றான்.