பாதிக் கூரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே ஆயுளைக் கழித்தவருக்கு யார்மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருந்த பிரேக்மேல் எந்நேரமும் காலை வைத்திருந்த மனிதர் அவர். ஓய்வுபெற்ற பிறகும், எதிரில் யாராவது வாயைத் திறந்தால் போதும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். தெருவில் அவருக்குப் பெயரே பிரேக்தான்.

பிரேக்கின் வீடு நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் அவரும் மனைவியும். மறு பாதி வாடகைக்கு. கோடை வந்தால் வீடே அடுப்பாகக் கொதிக்கும். குடியிருப்பவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். மழை வரும்வரை அந்தப் பாதி பூட்டிக் கிடக்கும். புதிதாக வந்த தையல்காரி மட்டும் முன்கூட்டியே பேச வந்தாள்.

"அண்ணே, மொட்டை மாடிக்கு வெயில் தாங்குற வெள்ளை பெயிண்ட் அடிச்சு, உள்ள சீலிங் போட்டுக் குடுங்க. நான் எங்கயும் போக மாட்டேன்."

"காசு என்னோடது, கரண்ட் பில் குறையுறது உனக்கு. நல்லாருக்கே கதை!"

மனைவிதான் நச்சரித்துச் செய்ய வைத்தாள். "அப்படியே நம்ம பக்கமும் அடிச்சிடுவோமே" என்று இழுத்தாள். வாடகை வராத பாதிக்கு எதற்குத் தண்டச் செலவு என்று அவர் கையை விரித்துவிட்டார். வெள்ளை பெயிண்ட் நடுச்சுவரோடு நின்றது.

அன்றோடு அவர் நிம்மதியும் போயிற்று. தையல்காரியின் கரண்ட் மீட்டர் நகரவே கூலி கேட்டது. அந்தக் கோடையில் வீடு காலியாகவில்லை என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்பதுதான் குடைந்தது. போதாததற்கு, மதியம் தையல் மெஷின் நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டது. லேசுப்பட்ட குறட்டை இல்லை, மேட்டில் லாரி திணறுகிற மாதிரி. அவள் புருஷனோ வெளியூரில் வேலை பார்க்கிறான்.

உள்வாடகை! என் காசில் குளிர்ந்த வீட்டை எவனுக்கோ விட்டுச் சம்பாதிக்கிறாள்! மனைவியிடம் சொல்லிப் பொருமலாம் என்றால், அவள் மதியமானால் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். பிரேக் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் குறட்டை உச்சத்தில் இருந்தபோது, 'இந்த மாசத்தோட காலி பண்ணு' என்ற வார்த்தையை வாயில் தயாராக வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்க் கதவைத் தள்ளினார்.

தையல்காரி தரையில் உட்கார்ந்து கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாண்ணே. அக்கா இப்பத்தான் கண்ணசந்தாங்க."

மூலையில் வெறுந்தரையில், வாயைத் திறந்தபடி, அவர் மனைவி.

"தினமும் இங்கதானா?"

"உங்க பக்கம் வேகுதாம். ராத்திரியும் பொட்டுத் தூக்கமில்லையாம். சொன்னா எனக்கு வாடகையை ஏத்திடுவீங்கன்னு பயந்துட்டாங்க."

வழக்கம்போல வலது கால் தரையை அழுத்தியது. தரை ஜில்லென்றிருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் இந்தக் குறட்டையை அவர் கேட்டதே இல்லை. குறட்டை விடுகிற அளவுக்கு அவள் ஒருநாளும் தூங்கியிருக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஏதோ சொல்ல வந்தீங்களேண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார் பிரேக், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பெயிண்ட் அடிச்சவன் நம்பர் உன்கிட்ட இருக்கா?"