பத்தொன்பது சீட்டுகள்

கெட்டில் கொதித்து அணைந்ததும், எத்தனை கோப்பை வேண்டும் என்று ஈனிட் தர்ட்டில் சமையலறை வாசலில் நின்று எண்ணினாள். சன்னலோர சோபாவில் மகள் ஹேசல், காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் கணவரின் தம்பி பெர்சி, மழைக்கோட்டைக் கழற்றாமலே. மாடியில், முன்பக்க அறையில், கணவர் கார்டன். அவர் காலை ஆறரைக்கு இறந்திருந்தார். தன்னையும் சேர்த்து நான்கு கோப்பைகளைத் தட்டில் அடுக்கியவள், ஒன்றைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள்.

டாக்டர் தொலைபேசியில் தன்மையாகத்தான் பேசியிருந்தார். கார்டனைக் கடைசியாகப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது; பதினான்கு நாளுக்குள் பார்த்திருந்தால் சான்றிதழைத் தானே எழுதிவிடலாம்; இப்போது கரோனருக்குத் தெரிவித்தாக வேண்டும், அவருடைய ஆள் பதினோரு மணிக்கு வருவார், வழக்கமான நடைமுறைதான் என்றார். ஈனிட் நன்றி சொல்லி வைத்தாள்.

கரோனர் என்ற சொல்லை அந்த வீட்டில் ஆறு வருடமாக யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்ன காரணம் என்று தெரியாத சாவை விசாரிப்பவர் அவர். மண்ணிலிருந்து எடுத்த புதையலை விசாரிப்பவரும் அவரேதான். உலோகம் தேடும் கருவியோடு இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் இறங்குகிற எவருக்கும் இது தெரியும்.

கார்டன் முப்பது வருடம் இறங்கியவர். வாரமெல்லாம் பீட்ரூட் லாரி ஓட்டுவார். ஞாயிறு வந்தால் உழுத வயல். கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளைச் கூடத்து மரப்பெட்டியின் சுண்டுவிரல் உயரமுள்ள இழுப்பறைகளில், வட்டக் குழிகளில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வட்டச் சீட்டோடு வைப்பார். எந்தப் பேரரசர், எந்த வயல், எத்தனை அங்குல ஆழம், என்றைக்கு என்று சீட்டில் இருக்கும். அவருடைய எழுத்து கோழி கிளறியது போலிருக்கும் என்பதால் சீட்டுகளை ஈனிட்தான் எழுதினாள். கிராமப் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கடிதம் எழுதிய கை அது. அருங்காட்சியகத்தில் அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபரில், லார்ட்டர் வயலில், ஒரே குழியில் பத்தொன்பது காசுகள் கிடைத்தன. ஒற்றைக் காசு என்றால் எடுத்தவர் பாடு. ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ வெள்ளிக் காசு கிடைத்தால் அது புதையல். பதினான்கு நாளுக்குள் கரோனருக்குச் சொல்லியாக வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்றார் கார்டன். மறுநாளும் அதையே சொன்னார். "அங்க குடுத்துட்டு, அப்புறம் டிக்கெட் வாங்கிட்டுப் போயி என் காசை நானே கண்ணாடி வழியாப் பாக்கணுமா?" என்றார் ஒரு நாள். பதினைந்தாம் நாள் பத்தொன்பது வெற்றுச் சீட்டுகளை அவள் முன்னால் வைத்தார். பத்தொன்பது வெவ்வேறு வயல்கள், வெவ்வேறு தேதிகள். அவர் சொல்லச் சொல்ல ஈனிட் எழுதினாள். வாழ்நாளில் அவள் எழுதிய பொய் அவ்வளவுதான். தான் உயிரோடு இருக்கும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். தம்பியிடம் மட்டும், எங்கே கிடைத்தது என்று சொல்லாமல், அவரே சொல்லியிருந்தார். அதன் பிறகு கருவியைத் தொடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவந்தார்.

தேநீரைக் கையில் வாங்கியதும் பெர்சி குரலைத் தாழ்த்தினார். "அந்த இழுப்பறையை மட்டும் உருவிக் குடு. கார்ல உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில போட்டுக்கறேன்."

"எந்த இழுப்பறை?" என்றாள் ஹேசல்.

ஈனிட் சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உன் காரை நீ என்னைக்காவது பூட்டியிருக்கியா, பெர்சி?" என்றாள் ஈனிட்.

அதற்குள் வாசல் மணி அடித்தது. குடர்ஹாம் என்ற அந்த அதிகாரி பழைய போலீஸ்காரர்; மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துவிட்டு வந்தார். மாடிக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் இறங்கினார். மாத்திரைகளின் பெயர், இரவு என்ன சாப்பிட்டார், மூச்சிரைப்பு எத்தனை நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நெஞ்சு வியாதி பழையது, பெரும்பாலும் விசாரணை தேவைப்படாது, கரோனர் டாக்டரிடம் பேசினாலே முடிந்துவிடும் என்றார். சொல்லிக்கொண்டே தேநீர்க் கோப்பையைக் காசுப் பெட்டியின் மேல் வைத்தார்.

ஈனிட் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காசைப் பத்தி நீங்க ஒண்ணுமே கேக்கலையே," என்றாள்.

"எந்தக் காசு?"

பெர்சிக்குப் பிஸ்கட் புரை ஏறியது. ஹேசல் எழுந்து அவர் முதுகில் தட்டினாள். ஈனிட் தேதியைச் சொன்னாள், வயலைச் சொன்னாள், எண்ணிக்கையைச் சொன்னாள், சீட்டுகளையும் சொன்னாள். எல்லாம் நாலைந்து வாக்கியத்தில் அடங்கிவிட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது. குடர்ஹாம் பேனாவை மூடிவிட்டார்.

"இன்னைக்கு நான் வந்தது மேல இருக்கிறவருக்காக, மிஸஸ் தர்ட்டில். காசுக்கு வேற ஃபைல், வேற மேசை."

"பதினாலு நாள்தானே கெடு. அது போயி ஆறு வருஷம் ஆகுது."

"அது தோண்டினவருக்கு. அவரை இனி யாரும் எங்கயும் கூப்பிட முடியாது."

"சீட்டு எழுதினது நான்."

அவர் மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "அப்ப அதையும் சேர்த்து எழுதிப் போடுங்க. தானா வர்ற கடுதாசியை எங்க ஆபீஸ்ல மரியாதையாத்தான் படிப்பாங்க." கோப்பையை எடுத்து, அடியில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்து, பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

ஒரு மணிக்கு கார்டனைக் கொண்டுபோனார்கள். பெர்சியும் வண்டிக்குப் பின்னால் போனார். ஹேசல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஆறு வருஷம். எங்கிட்டச் சொல்லணும்னு உனக்குத் தோணவே இல்லையாம்மா?"

"சொல்லியிருந்தா நீயும் தூங்கியிருக்க மாட்ட."

ஈனிட் நான்காவது இழுப்பறையை மேசைக்குக் கொண்டுவந்தாள். கடிதம் எழுதலாம், ஆனால் குழி எங்கே இருந்தது என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. லார்ட்டர் வயல் அறுபது ஏக்கர். அந்த இடம் கார்டனோடு போய்விட்டது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் காசை எடுத்தாள், பேரரசர் வெஸ்பாசியன், தடித்த கழுத்து. சீட்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்து, மேசையில் கவிழ்ந்து விழுந்தது.

பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. கோழி கிளறிய எழுத்து. லார்ட்டர் வயல், கொட்டகைப் பக்கத்துக் கம்பத்திலிருந்து நாற்பத்தோரு அடி, ஆழம் ஒன்பது அங்குலம், அக்டோபர் இரண்டு.

அடுத்ததைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும். பத்தொன்பதிலும் அதே வயல், அதே தேதி. ஆழத்தின் அங்குலம் மட்டும் மாறியது. எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. அந்த இழுப்பறையைத் திறப்பதே இல்லை என்றவர்.

"அம்மா, அழறியா?" என்றாள் ஹேசல்.

"இல்ல. கண்ணாடியை எடுத்துக் குடு."

மின்னஞ்சல் அனுப்பிவிடலாம் என்றாள் ஹேசல். ஈனிட் கோடு போட்ட தாளை எடுத்தாள். மதிப்பிற்குரிய ஐயா, என் கணவர் கார்டன் தர்ட்டில் இன்று காலை காலமானார் என்று தொடங்கினாள். காசுகளை ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை வரிசையாக, ஆழத்தோடு எழுதினாள். கடைசியில், "சீட்டுகளின் முன்பக்கம் இருப்பது என் எழுத்து, அது பொய். பின்பக்கம் இருப்பது அவருடைய எழுத்து. தயவுசெய்து அதை எடுத்துக்கொள்ளவும்," என்று எழுதி, ஒரு முறை படித்துப் பார்த்தாள். தேதி விட்டுப்போயிருந்தது. போட்டாள்.

உறையை ஒட்டி அழுத்தித் தேய்த்துக்கொண்டு தெருமுனைக்குப் போனபோது தபால்காரர் சிவப்புப் பெட்டியைத் திறந்து பையில் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் முகவரியைப் பார்க்காமல் மற்றவற்றோடு போட்டு, பையின் வாயைக் கட்டி, வண்டியின் பின்கதவைச் சாத்தினார். வண்டி தேவாலயத் திருப்பத்தில் மறையும் வரை ஈனிட் நின்றாள். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள், காலுறை நனைந்திருந்தது. திரும்பி மெதுவாகவே நடந்தாள்.