ஐம்பது பதில்கள்

ஹெரிசால் ஐந்தரைக்கு எழுந்தான். தொழுதான். காப்பி போட்டான். கைப்பேசியில் சரக்கு அட்டவணையைத் திறந்து, இரவு வந்த ஆர்டர்களை ஏற்றினான். குட்டி பிரிண்டர் முகவரிச் சீட்டுகளை நாக்குபோல நீட்டியது. பச்சை மிளகாய்ச் சம்பல் பாட்டில்களின் மூடிகளில் டேப்பை மூன்று சுற்று சுற்றி, பெட்டியில் வைத்து, சீட்டு ஒட்டி, கூரியர்காரருக்காக வாசலில் அடுக்கினான். சுமத்ராவின் மலையூரான புக்கிட்டிங்கியில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. மனைவி எல்ஃபிரா இறந்து எட்டு மாதமாகிறது. எல்லாக் காலையும் இப்படித்தான்.

அட்டவணைக்கு வண்ணம் பூசியது அவள். விளம்பரப் படம் செய்யும் செயலியைக் கற்றுக்கொண்டதும் அவள். இவனுக்குப் பிடித்தது வாடிக்கையாளர்களுக்காக அவள் சேமித்து வைத்திருந்த பதில்கள்தான். ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் தட்டினால் போதும், முழுப் பதிலும் வந்து நிற்கும். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவன், அந்த அரட்டைப் பெட்டிக்குள் மட்டும் ஊரையே குசலம் விசாரித்துக்கொண்டிருந்தான். எழுதுவது பெண் என்று நம்பி வாடிக்கையாளர்கள் ‘உனி’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்கள். அவன் யாரையும் திருத்தவில்லை.

எட்டு மணிக்கு எல்ஃபிராவின் தங்கை மைஸா வந்தாள். பாதி வேலை அவளுடையது. அக்காவைப் போலவே அவளும் அவனை ‘உடா’, அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள்.

“உடா, நோன்பு மாசம் வரப்போகுது. பரிசுப் பெட்டிக்கு ஒரு பதில் சேமிக்கணும். ஐம்பதுக்கு மேல ஏத்துக்க மாட்டேங்குது. ஒண்ணைத் தூக்குங்க.”

“கையாலேயே தட்டிடேன்.”

“நானூறு பேருக்கா? என் விரல் என்ன ரப்பரா?”

அவளே பட்டியலைத் தள்ளிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்று சத்தமாக வாசித்தாள். “‘ஐயோ, மன்னிச்சுக்கோங்க! மூடியைச் சரியாச் சுத்தாதது என் வீட்டுக்காரர்தான். நல்லாத் திட்டிட்டேன். புது பாட்டில் இன்னைக்கே கிளம்புது.’ இதைத் தூக்கிடலாமே. திட்டத்தான் இப்ப ஆளில்ல…” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹெரிசால் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டான். மற்ற நாற்பத்தொன்பதில் எதுவும் போகட்டும். இது போகக் கூடாது. அதற்குள் புதுச் செய்தி வந்தது. பெக்கன்பாருவிலிருந்து ஓர் அம்மாள்.

‘உனி, சம்பல் ஒழுகிப் பை பூரா காரம். எங்க வீட்டுப் பூனை தும்முது.’

மூன்று சுற்று சுற்றியும் ஒழுகியிருக்கிறது. சாய்கோடு, ஒ. எல்ஃபிராவின் பதில் போனது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

‘ஐயோ பாவம், ரொம்பத் திட்டாதீங்க உனி. ஆம்பளைங்க கை அப்படித்தான். எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, பல்பு மாட்டவே ரெண்டு நாள் யோசிக்கும்.’

தோள்வழியே எட்டிப் பார்த்த மைஸா குபீரென்று சிரித்தாள். ஹெரிசாலுக்குக் காப்பி மூக்கில் ஏறியது. இருமலா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலை மேலிருந்து பார்த்தான். நாற்பத்தொன்பது அவளுடையவை. ஒன்று மட்டும் அவன் எழுதியது: ‘ஆர்டர் கிடைத்தது. நன்றி.’ அதை அழித்தான்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் மைஸா. “வரி ஆபீஸ் கடுதாசி மாதிரி இருந்துச்சு.”

அவள் புதுப் பதிலைத் தட்டெழுத உட்கார்ந்தாள். அவன் அடுத்த பாட்டிலை எடுத்தான்.

“எதுக்கு உடா மூணு சுத்து? எங்க உனி ரெண்டுதான் சுத்துவா.”

அவன் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினான். எல்ஃபிராவின் கடைசி வார்த்தை கலிமாதான், இறைவன் பெயரோடுதான் போனாள் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவனும் தலையாட்டுவான். மாமியார் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அன்று காலை அவசரத்தில் அவன் ஒரு சுற்றுதான் சுற்றியிருந்தான். அறுவை அறையின் கதவருகே தள்ளுபடுக்கை நின்றபோது, எல்ஃபிரா தலையை லேசாகத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

“உடா, மூடிக்கு ரெண்டு சுத்து சுத்துனீங்களா?”