மாப்பிள்ளை வந்தாச்சு

அவன் வேலை பார்த்த ஆய்வகத்தில் வெள்ளணுவுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தவள் கூட வேலை பார்த்த குண்டூசி. ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும்.

மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ரத்தக்குழாயின் உள்தோலை வளர்த்து, அதன்மேல் வெள்ளணுக்களை ஓடவிட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. சும்மா இருக்கும் உள்தோலை வெள்ளணு சட்டை செய்யாமல் போய்விடும். அழற்சியைக் கிளப்பிவிட்டால் உள்தோல் பொடிப்பொடியாகக் கை நீட்டும். ஓடிவந்த அணு தடுமாறி, உருண்டு, நின்று, ஓர் இடுக்கு வழியாக உள்ளே போகும்.

"மாப்ள முறுக்கிக்கிட்டு நிக்கிறார். இன்னும் கொஞ்சம் உபசாரம் கேக்குது" என்பாள் குண்டூசி. அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. இதை வீட்டில் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவிக்குச் சிறுநீரில் தொற்று என்று ஆரம்பித்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் சொன்னதில் அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. உடம்பு முழுக்க உள்தோல் கை நீட்டிவிட்டது. கிருமியே போகாத நுரையீரலிலும் வெள்ளணுக்கள் புகுந்து பாழாக்குகின்றன. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, பார்ப்போம் என்றார்.

கூட நின்று கேட்ட மாமனார் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். எந்த வண்டி எங்கே நின்றாலும் கிளப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அவனை ஜன்னலோரம் கூட்டிப் போனார்.

"மாப்ள, நீங்க தினம் பாக்குறதுதானே இது. அந்தக் கைய மடக்க மருந்தே இல்லயா?"

"இருக்கு மாமா."

ஆய்வகத்தில் கேட்டால் வாயில் வருகிற பதில். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது.

"கண்ணாடிக்குள்ளதான் மாமா கேக்குது. உடம்புல கேக்கல."

"கண்ணாடிக்குள்ள" என்றார் அவர். பிறகு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள்.

அவன் வேலைக்குத் திரும்பிய அன்று குண்டூசி நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தாள். "மாப்ள வந்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "வெள்ளணு உருள ஆரம்பிச்சிருச்சு" என்று எழுந்து இடம் விட்டாள். அவள் வாயில் அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை.

அவன் குனிந்து பார்த்தான். ஒன்று நின்றது. உள்ளே போனது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

"மாப்ள" என்றார் மாமனார்.

"சொல்லுங்க மாமா" என்றான்.

இருவரும் போனை வைக்கவில்லை.