வலது மூலைப் பவளம்

மாமனார் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் மணலில் சிறிய தட்டு அளவில் ஒரு பச்சைப் பவளம் கிடந்தது. மற்ற பவளங்களெல்லாம் பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. இது எதிலும் ஒட்டாத ஜாதி. உடம்பில் தண்ணீரை ஏற்றி உப்பிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில் நகர்ந்துவிடும். போய்ச் சேருவது எப்போதும் வலது மூலைதான்.

மாமனாருக்கோ அது தன் நாற்காலிக்கு நேரே இருக்க வேண்டும். அவருக்குக் கை நடுக்கம். ஆகவே அதை எடுத்து நடுவில் வைப்பது வீட்டோடு மாப்பிள்ளையின் வேலையாகிவிட்டது.

அன்று அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தனிக்குடித்தனம் போக மனைவி வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தாள். வீட்டுக்காரருக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் மாமனாரிடம் சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா அழுதுடுவார். நீங்கன்னா கேட்டுப்பார்" என்று மனைவி அவன் தலையில் கட்டிவிட்டாள்.

"மாப்பிள்ள, நம்ம ஆளு மறுபடியும் கம்பி நீட்டிட்டான். புடிச்சு உக்கார வைங்க" என்றார் மாமனார்.

அவன் தொட்டிக்குள் கையை விட்டான். பவளம் நன்றாக உப்பியிருந்தது. தண்ணீரை மெல்ல அலைத்து, அது சுருங்கிய பிறகே அடியில் பிடித்துத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் சதை அடியிலுள்ள தன் கூரிய எலும்பிலேயே அறுபடும். போன தடவை அவசரத்தில் தூக்கியதன் பலனாக விளிம்பில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"மாமா" என்றான். பவளத்தைத் தூக்காமல் கையை வெளியே எடுத்தான். "நடுவுல பம்ப்பு தண்ணி மணல வாரி மேல போடுது. அதான் ஓடுது. அதுக்குப் புடிச்ச எடத்துல விட்டாதான் பொழைக்கும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார் மாமனார். "நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

இதுதான் சமயம். அவன் வாயைத் திறந்தான்.

"அது வரவேணாம், நாம போவோம்" என்று அவர் எழுந்துவிட்டார். "நாற்காலிய அந்தப் பக்கம் போடுங்க."

ஈரக் கையோடு நாற்காலியைத் தூக்கிப் போட்டான். வலது மூலையை ஒட்டித்தான் அவனும் மனைவியும் இருந்த அறை. வெளிப்பக்கம் திறக்கும் அதன் கதவு இனி நாற்காலியில் இடித்துப் பாதிதான் திறக்கும்.

மாமனார் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்க இல்லேன்னா இது என்னைக்கோ போயிருக்கும் மாப்பிள்ள."

அறைக்குள் அவனுடைய போன் அடித்தது. வீட்டுக்காரராகத்தான் இருக்கும். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"யாரு?" என்றார் மாமனார், நாற்காலியை நகர்த்தாமல்.

"தெரியல மாமா" என்று அவன் கையைச் சட்டையில் துடைத்தான். போன் அடித்து ஓய்ந்தது.