அ நாடும் ஆ நாடும் இருபது தகரமும்

அறுபத்தொன்றாம் ஆண்டு புரட்டாதி. முல்லைத்தீவு வாசிகசாலையின் கூரை உக்கிப்போயிருந்தது. செயலாளர் நான். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்பது ஊரின் அபிப்பிராயம்.

கடைக்கார முத்தலிப் நானா மூன்று மாதத் தவணைக்கு என்னிடம் கடன் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு இருபது கூரைத் தகரம் தந்திருந்தார். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பதென்று நிர்வாகசபை முடிவெடுக்காததால் தகரம் சுவரில் சாய்ந்தபடியே நின்றது. தவணை முடியப்போகிறது, காசு இல்லை, மாரி வருகிறது. தகரத்தை அவர் திருப்பிக் கேட்டால் முந்நூறு புத்தகமும் நனையும். தவணை முடியும் சனிக்கிழமை பின்னேரம் ஒரு கூட்டம் இருந்தது. அது முடிந்ததும் நானாவிடம் பணிவாகப் பேசலாமென்று எண்ணினேன்.

பேச வேண்டிய கொழும்பு அறிஞருக்குக் காய்ச்சல். கட்டுரையைத் தபாலில் அனுப்பிவிட்டார். தலைப்பு: 'வெளிநாட்டார் கையிலுள்ள குறுகியகாலக் கடன் பத்திரங்கள்: இரு நாடுகள் ஓர் ஒப்பீடு'. "எந்தத் தலைப்பும் எங்கள் மக்களுக்கு விளங்கும்" என்று அவருக்கு எழுதியவன் நான்தான். ஆகவே நானே வாசித்தேன்.

அரசாங்க உத்தியோகத்தர் அல்லவா, நாடுகளின் பெயரை மறைத்து அ, ஆ என்று எழுதியிருந்தார். இரண்டுக்கும் ஒரே அளவு கடன். அ நாட்டில் வெளியார் கையில் கொஞ்சம். ஆ நாட்டில் பெரும்பகுதி.

"இதிலை எங்கட நாடு எது?" என்றார் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி மரியநாயகம்.

"ஆ தான் அண்ணை. வெளியார் நம்பித்தானே தாறாங்கள்," என்றேன்.

கைதட்டினார்கள். அடுத்த தாளைப் புரட்டினேன். எல்லாரும் ஒரே நாளில் வந்து காசு கேட்டால் ஆ நாடு கவிழுமாம்.

"இல்லை, நாங்கள் அ," என்றேன்.

"ஒரு தாளுக்குள்ளை நாடு மாறினது நீர் ஒராள்தான்!" என்று மரியநாயகம் சிரித்தார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அதுதான் சொல்லுறன், வெளியாளிட்டைக் குறுகிய தவணைக்குக் கடன் வாங்கவே கூடாது!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் பின்வரிசைக் கதிரையைப் பார்த்தார்கள். முத்தலிப் நானா எழுந்து சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்தார்.

"செயலாளர் சொல்லுறது சரி. தவணையும் இண்டையோடை முடியுது. நாளைக்கு வண்டில் அனுப்புறன்."

கையிலிருந்த தாள்களை மடிக்கத் தொடங்கினேன்.

"கடைசித் தாள் ஒண்டு கிடக்கு. அதையும் வாசியுமன், ஐசே," என்றார் மரியநாயகம்.

வாசித்தேன். தவணை முடியும் நாளில் பெரும்பாலான வெளியார் காசு கேட்பதில்லை, அதே கடனைப் புதிய தவணைக்கு எழுதிக்கொள்வார்களாம்.

நானா துண்டை மேசையில் வைத்தார். "எழுதலாம். அதுக்கு முதல் இதிலை நீங்கள் எழுதின பேரை வாசியுங்கோ."

'வவுனியா முத்தலிப்.' என் கையெழுத்துத்தான்.

"கடை போட்டுப் பதினொரு வருசம். மகள் றாபியா பிறந்தது இந்த ஊர் ஆசுப்பத்திரியிலை. இன்னும் நான் வவுனியாவோ, தம்பி?"

பேனாவை எடுத்து 'வவுனியா'வை வெட்டினேன். மேலே 'முல்லைத்தீவு' என்று எழுதினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"இப்ப வெளியார் கையிலை எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை, நானா."

"அப்ப நாங்கள் அ நாடு."

மறுநாள் வண்டில் வந்தது. தகரத்தை ஏற்றிப்போக அல்ல, ஆணிப்பெட்டியும் தச்சனுமாக. திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பதென்று நிர்வாகசபை இன்னும் யோசிக்கிறது.